ஆலமரத்துக்கு ஒரு நோட்டு: பதினோரு மாதக் கணக்கு

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு முதலில் பறவை பார்க்கத்தான் போனேன். போன பிப்ரவரியில் ஆறுமணிக்குருவியைத் தேடி மூன்று வாரம் அலைந்தும் வால் நுனிகூடத் தென்படவில்லை. சரி, பறந்து போகாத ஒன்றையாவது பார்ப்போம் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஆலமரத்துக்கு ஒதுக்கினேன். வாரம் ஒரு நாள், ஐந்து நிமிடம். தளிர், பூ, காய், பழம் என்று நாலு கட்டம் போட்டு உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

1882இல் சபையை நிறுவியவர்களான ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் வாங்கியபோது இது 27 ஏக்கர் பங்களாத் தோட்டம். பிறகு பக்கத்து நிலங்களும் சேர்ந்து சுமார் 260 ஏக்கர் ஆனது. ஆலமரம் அதற்கும் மூத்தது, வயது 450 என்கிறார்கள். 1989இல் அடித்த காற்றில் நடுத்தண்டு சாய்ந்துவிட்டது, இன்றைக்கு நிற்பதெல்லாம் விழுதுகள்தான். இதில் எந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பது என்பதே முதல் வாரக் குழப்பம். கடைசியில் பாதையில் நின்றால் நன்றாகத் தெரிகிற ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது என் முட்டாள்தனம். செப்டம்பர் வரை ‘பூ’ கட்டத்தில் வாராவாரம் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறேன். ஆலும் அத்தியும் பூக்காமலே காய்க்கும் என்று பாட்டி சொன்னதை அப்படியே நம்பியதுதான் காரணம். ஒரு நாள் கீழே விழுந்து கிடந்த, பழுக்கப்போகிற காய் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து பிளேடால் இரண்டாக நறுக்கினேன். உள்ளே சுவர் முழுக்க ரவை ஒட்டியதுபோல நெருக்கமாக என்னவோ. பூ எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது! பார்த்துக்கொண்டிருக்கும்போதே எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்புக் குளவி வெளியே வந்து, என் கட்டைவிரல் நகத்தில் ஏறி, இறக்கையைக் கோதிவிட்டுக்கொண்டு பறந்துபோனது.

படித்துப் பார்த்தால் அந்தக் குளவிக்கு ஆயுசு ஓரிரு நாள்தான். பிறந்த காயில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு கிளம்பி, சரியான பக்குவத்தில் காய் விட்டிருக்கும் வேறொரு ஆலமரத்தைத் தேடிப் போய், அந்தக் காயின் நுனித் துளை வழியாக இறக்கையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்து முட்டையிட்டால்தான் அதன் வம்சம் தொடரும், மரத்துக்கும் விதை பிடிக்கும். எல்லா மரமும் ஒரே நேரத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் குளவிக்குப் போக இடமிருக்காது, அதனால்தான் மரத்துக்கு மரம் காலம் மாறுகிறது. இதைச் சோதிக்க எங்கள் தெருமுனை ஆலமரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அக்டோபரில் தோட்டத்துக் கிளையில் வெறும் தளிர், தெருமுனை மரத்திலோ கொத்துக்கொத்தாகக் காய். நவம்பரில் கம்பியில் உரசுகிறது என்று அந்தக் கிளைகளை வெட்டிவிட்டார்கள், காயோடு. நோட்டில் ‘வெட்டு’ என்று எழுதிக் கோடு போட்டேன், வேறென்ன எழுத?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குத் தோட்டத்துக்குப் போன அன்று கிளையெல்லாம் சிவப்பு. ஆலமரம் பழுத்தால் பறவைக்குச் சீட்டா அனுப்ப வேண்டும்? பதினைந்து நிமிடத்தில் செம்மார்புக் குக்குறுவான், குயில், மைனா, இரண்டு மாங்குயில். எண்ணி முடிப்பதற்குள் பழம் ஒன்று நோட்டின் மேலேயே விழுந்து கறையாகிவிட்டது. பட்டியல் நீளமில்லைதான், ஆனால் எது எந்தக் கிளையில் என்ன தின்கிறது என்று நின்று பார்த்தது எனக்கு இதுவே முதல் தடவை.

செப்டம்பர் வரை எழுதிய ‘இல்லை’களை அழிக்கவில்லை. காய் இருந்த வாரங்களில் மட்டும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்து ஒரு கைலென்ஸ் வாங்க வேண்டும். ஆறுமணிக்குருவியை இன்னும் பார்க்கவில்லை.