அக்கா மகளின் பிறப்புச் சான்றிதழ்

சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. பிள்ளையின் பிறப்பு பதியப்படவே இல்லை. முதலாம் ஆண்டில் சத்தியக் கடதாசி கொடுத்துத்தான் சேர்த்திருந்தோம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனது கிளிநொச்சிக்கு. 1977 கலவரத்தில் மலையை விட்டுப் போன குடும்பம் அத்தானுடையது. 2008 ஓகஸ்டில் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு இடம்பெயர்வுதான், 2009 மே வரை. அத்தான் அதில் போய்விட்டார். செட்டிகுளம் முகாமிலிருந்து கைப்பிள்ளையோடு அக்கா தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்தால் சுலபம். தாண்டிவிட்டால் காலங்கடந்த பதிவு. அதற்குப் பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதைச் சொல்ல இங்கே ஓர் அலுவலகத்தில் எங்களை மூன்று முறை அலைக்கழித்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவின் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனது. கொழுந்து எடுக்கிறவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் கோபத்தில்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது என்பது தெரியும். ஆனால் கவுண்டரில் நிற்கும்போது நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் கை கொடுக்கும். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றியது. ஆட்களைக் கைது செய்த செய்திகளில்தான் அதன் பெயர் அடிபடும். அதன் 5 ஆம் பிரிவில், பிறப்பு பதியப்படுவதும் பெயர் பெறுவதும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

சரி, அத்தாட்சிக்கு எங்கே போவது? அக்கா பெட்டியின் அடியிலிருந்து ஒரு சொப்பின் பேக்கை எடுத்தாள். உள்ளே கிளினிக் கார்ட். மடிப்பில் கிழிந்து, தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. பிள்ளையின் நிறையைக் குறித்த கோடு நான்காம் மாதம் வரை ஏறிப் போய் அப்படியே நின்றிருந்தது. பிறகு ஐந்து மாதத்துக்கு ஒன்றும் இல்லை. முகாமில் வேறு மையால் மறுபடி தொடங்கிய புள்ளி, நின்ற இடத்தை விடக் கீழே இருந்தது. அந்த ஐந்து மாதமும் இதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். சட்டைக்குள் என்றாள்.

ஹட்டனிலிருந்து பஸ் மாறி மாறி இரண்டு தடவை கிளிநொச்சி போனோம். பதிவேட்டில் தேடி, பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கார்ட், பாடசாலைக் கடிதம், ஜாதகம், சத்தியக் கடதாசி எல்லாம் கொடுத்தோம்.

தகப்பன் பெயரில்தான் வந்து முட்டியது. கல்யாணம் கோயிலில் நடந்ததே தவிர, பதியவில்லை. அப்படியென்றால் தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைத்தால்தான் தகப்பன் விபரத்தை எழுதலாம். இறந்தவர் எப்படிக் கையெழுத்து வைப்பார்? யுத்தம் நடந்த நாட்டில் இந்த விதி இன்னும் இப்படியே இருப்பது பெரிய அநியாயம்.

அங்கிருந்த உத்தியோகத்தர் அம்மா ஒருவர் விண்ணப்பத்தைத் திருப்பி அக்கா பக்கம் வைத்தார். "தகப்பன் விபரம் எழுதுற கூட்டை வெறுமையா விடுங்க. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறது உங்கட விருப்பம். முழுப் பெயரா எழுதுங்க," என்றார்.

அக்கா பேனையை வாங்கி, பிள்ளையின் பெயருக்கு முன்னால் அத்தான் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள்.