பாராசிட்டமாலுக்கு அடங்காத காய்ச்சல்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் ஆம்புலன்ஸில் பெரும்பாலும் பைக்கில் விழுந்தவர்கள்தான் வருவார்கள். ஆகவே ஒரு மார்கழிப் பின்னிரவில், இரண்டு கம்பளிகளால் சுற்றப்பட்ட ஓர் இளைஞனை இறக்கியபோது, உடல் அப்படிக் கொதித்ததைத் தொட்டுப் பார்த்து மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தேன்.

"சாப்பிட்டது சேரல சிஸ்டர்" என்றார்கள் உடன் வந்த நண்பர்கள். தெர்மாமீட்டர் 107 டிகிரி காட்டியது. தாடை கிட்டித்திருந்தது, கண்பாவை விரிந்திருந்தது, கால்கள் விறைத்துத் துடித்தன. கதீட்டரில் இறங்கிய சிறுநீர் பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. சேராத சாப்பாடு சிறுநீரை அந்த நிறமாக்காது. தசை சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது.

இருவரில் இளையவனைத் தனியே அழைத்துப் போனேன். "தம்பி, என்ன போட்டான்னு தெரிஞ்சாத்தான் டாக்டரால வைத்தியம் பாக்க முடியும்" என்றதும் அழுதுவிட்டான். "மாத்திரைக்கா. ஒரு மணி நேரமாகியும் ஒண்ணும் ஏறலன்னு இன்னொண்ணு போட்டான்."

அந்த இரண்டாவது மாத்திரையைப் பற்றித்தான் எழுத வேண்டும். எக்ஸ்டசி என்று விற்கப்படும் போதை மாத்திரையில் இருக்க வேண்டியது எம்.டி.எம்.ஏ. 1912இலேயே ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் காப்புரிமை கோரிய சேர்மம். அதுவும் உயிரைப் பறிக்கக்கூடியதே. ஆனால் அதே பெயரில், அதே மாதிரி அச்சுப் பதித்து, பி.எம்.ஏ. என்ற ஆம்ஃபெட்டமின் வகைப் பொருளும் விற்கப்படுகிறது. 1973இல் கனடாவின் ஒண்டாரியோவிலும், 1990களில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மரணங்களுக்குக் காரணமானது அது. போதை மெதுவாக ஏறுவதால், சரக்கு வலுவில்லாதது என்று எண்ணி மீண்டும் போடுகிறார்கள். மூளையின் வேதித்தூதான செரோட்டோனினைப் பெருமளவில் வெளியேற்றும் அந்தப் பொருளே, செரோட்டோனினைச் சிதைக்க வேண்டிய நொதியையும் தடுப்பதால், முதல் மாத்திரையின் விளைவு உச்சத்தை எட்டும் நேரத்தில் இரண்டாவதும் சேர்ந்துகொள்கிறது. கையில் இருப்பது இவற்றில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. எங்கள் சிறுநீர்ப் பட்டைச் சோதனைகூட, காட்டினால், போதைப்பொருளின் குடும்பத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது.

இந்தக் காய்ச்சல் நோய்க்கிருமியால் வருவதன்று. வழக்கமான காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதை இறக்குகிறது. இங்கே ஓயாமல் இயங்கும் தசைகள் வெப்பத்தைப் பெருக்க, சுருங்கிய தோல் நாளங்கள் அது வெளியேற வழி விடுவதில்லை. எனவே பாராசிட்டமால் பயன்படாது. மயக்கி அமைதிப்படுத்தும் மிடசோலம் கொடுத்து, ஈரத்துணி போர்த்தி, மின்விசிறி வைத்தோம். கையிருப்பு ஐஸ் தீர்ந்ததும் மீன்கடைக்கு ஆளனுப்பி ஐஸ் பார் வாங்கி, உடைத்து, கக்கத்திலும் தொடையிடுக்கிலும் அடுக்கினோம். பின்னர் தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்தார் மருத்துவர். வெப்பம் இறங்கியது. ஆனால் அதற்குள் இரத்தம் உறையும் தன்மை கெட்டு, ஊசி குத்திய இடங்களிலெல்லாம் கசியத் தொடங்கியிருந்தது. மறுநாள் மாலை அவன் இறந்தான்.

மலையில் தங்கியிருந்த அறையில் அவனுக்கு விறைப்பு கண்டது இரவு பதினொரு மணிக்கு. எங்களிடம் வந்தது மூன்றரைக்கு. இடையிலிருந்த நேரத்தைப் போலீஸ் பயம் தின்றுவிட்டது. இப்படிப்பட்ட நோயாளி வந்தால் நாங்கள் காவல்துறைக்குத் தகவல் தருவது உண்மைதான், அதை யாரிடமும் மறைப்பதில்லை. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை; முதலில் உயிர், பிறகே சட்ட நடைமுறை என்று உச்சநீதிமன்றம் 1989இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் தாங்க முடியாததாக இருக்கிறது.

நடுங்குகிறான் என்று நினைத்து, மலைக்குளிருக்கு அவர்கள் போர்த்திய கம்பளிகள் உள்ளிருந்த வெப்பத்தை அடைத்து வைத்திருந்தன. அவனுடைய அம்மா அந்தக் கம்பளிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "குளிருமேன்னு போத்தி விட்டிருக்காங்க பாரும்மா, நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம்மா என்று சொன்னேன்.