மலைக்கு அப்பால் இருக்கும் என் நோயாளிகள்

போடிநாயக்கனூரில் உள்ள என் சிறிய கிளினிக்குக்கு வருபவர்களில் பெரும்பாலோர், விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சிலர் அங்கேயே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தங்கிவிடுவார்கள். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் அவர்கள் மலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் தீர்ந்துபோய், ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்தார்கள்.

போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்கும் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் வெளியானதும் அதே நாளில்தான். பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் ஆலோசனை சொல்லலாம் என்று அவை தெளிவாகக் கூறியதால், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருப்பவருக்கு நான் மருந்துச் சீட்டு எழுதலாமா என்ற தயக்கம் நீங்கியது. பதிவு எண்ணோடு கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அந்த நெறிமுறைகளில் நான் மிகவும் மதிப்பது அவை விதிக்கும் வரம்புகளைத்தான். முதல்முறை பேசும் நோயாளியின் குரலை மட்டும் கேட்டுப் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்ற எளிய மருந்துகளையே எழுதலாம். தொடர் சிகிச்சை என்று கருத, அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். இதன் அருமையை நான் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மேல்வயிற்றில் வாயு அடைப்பது போலிருக்கிறது என்று போனில் சொல்ல, அவசரத்தில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சொல்லிவிட்டேன். அன்று மாலையே வியர்த்துக் கொட்டி, இ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் கழுத்துக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட எந்த வலிக்கும் நான் போனில் மருந்து சொல்வதில்லை. உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன்.

அதே போன், நெடுநாள் அறிந்த நோயாளியிடம் வேறு விதமாகப் பயன்படுகிறது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டிக்குக் கால் கனக்கிறது என்றார்கள். வீடியோவில் லயத்தின் இருட்டில் கால் சரியாகத் தெரியவில்லை. பேத்தியை வாசலுக்கு அழைத்துவரச் செய்து, கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுக்கச் சொன்னேன். "குழி விழுதும்மா, நெறையவே மாட்டேங்குது" என்றாள். காலில் நீர் கோத்திருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பெண்ணின் விரலே அப்போது என் விரலாயிற்று.

2020 ஏப்ரலில் பொதுமக்களுக்காகத் தொடங்கிய, மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி போன்ற வசதிகள் மருத்துவரைத் திரையில் கொண்டுவந்துவிட்டன. ஆனால் திரைக்கு எதிர்ப்புறம் தொட்டுப் பார்க்கவும் அளந்து சொல்லவும் பழகிய ஒருவர் இல்லாவிட்டால், நான் பாதிக் கண்ணோடுதான் வைத்தியம் பார்க்கிறேன். ஆகவே கிளினிக்குக்குப் புதிய மென்பொருள் வாங்குவதற்கு முன், இரண்டு லயங்களுக்குப் பிரஷர் கருவி வாங்கிக் கொடுத்து, அங்கிருக்கும் இரண்டு பெண்களுக்கு ஒரு வாரம் பயிற்சி அளித்தேன்: நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், பட்டையைச் சட்டைக் கையின்மேல் சுற்றக் கூடாது, கை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அளவு ஏறியவர்களை நானே அழைத்துப் பேசுகிறேன். இன்னும் மூன்று லயங்கள் பாக்கி இருக்கின்றன. கருவிகள் வந்துவிட்டன, அவற்றைப் பொறுப்பாகக் கையாளும் பெண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.