நகோரோவில் மூன்று நாள்

நவம்பர் 8, வெள்ளி

ஒபோகே ரயில் நிலையத்தைத் தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைந்துவிட்டது. ஜப்பானின் ஷிகோகு தீவு, தொகுஷிமா மாவட்டம், இயா பள்ளத்தாக்கு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் வழிவிட வேண்டும்.

வழியில் கசுராபாஷி. காட்டுக்கொடிகளைப் பின்னிக் கட்டிய தொங்குபாலம். 45 மீட்டர் நீளம், 14 மீட்டர் கீழே ஆறு. 1185ல் போரில் தோற்று ஓடிவந்த தைரா குலத்தார், எதிரி வந்தால் வெட்டிவிடலாம் என்று கொடியில் கட்டினார்களாம். இது ஊர்க்கதை. இப்போது உள்ளே இரும்புக் கம்பி உண்டு. ஆனாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொடிகளை எல்லாம் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டைகளுக்கு நடுவே ஆறு தெரிகிறது. நடுவில் வந்ததும் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இரவு, தங்கிய வீட்டுப் பாட்டி சோபா பரிமாறினார். பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் நூடுல்ஸ். கோதுமை மாவு அதிகம் சேர்க்காததால் குச்சியில் எடுத்தாலே துண்டாகிறது. கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கச் சொன்னார். ருசியோ ருசி.

நவம்பர் 9, சனி

நகோரோ. பேருந்து நிறுத்தத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தலை குனிந்து வணங்கினேன். அத்தனையும் பொம்மைகள்.

சுகிமி அயானோ என்ற பெண்மணி ஒசாகாவிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். வயலில் விதையைப் பறவைகள் பொறுக்காமல் இருக்க முதல் பொம்மையைச் செய்தார். அது அப்பாவின் ஜாடையில் அமைந்துவிட்டது. அப்புறம் செத்துப்போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் செய்தார். இன்று ஊரில் முப்பது பேர்கூட இல்லை. பொம்மைகள் அதைப்போலப் பல மடங்கு.

ஒரு தாத்தா பொம்மையின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் பூட்ஸ், வேலைக் கையுறை, உள்ளே செய்தித்தாள். கண் இருக்கும் இடத்தில் சட்டைப் பொத்தான். உதட்டோரம் நூலை லேசாக இழுத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த ஒரு இழுப்பில் கிழவர் ஏதோ சொல்ல வருகிறார்.

பள்ளி 2012ல் மூடப்பட்டது. கடைசியாகப் படித்த இரண்டு பிள்ளைகள் தங்களைப்போலவே பொம்மை செய்து, தங்கள் உடுப்பையே போட்டு விட்டுப் போனார்கள். அந்த வகுப்பறையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இதைப் 'பேய் ஊர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கோபத்தையே தருகிறது. போனவர்களுக்கு ஒரு இடம் போட்டு வைத்திருக்கும் ஊர் இது.

நவம்பர் 10, ஞாயிறு

இரவெல்லாம் மழை. வெளியே நிற்கும் பொம்மைகள் வெயிலிலும் பனியிலும் சில வருடங்களே தாங்கும், பிறகு புதிதாகத்தான் செய்ய வேண்டும். பாலம் மாதிரியேதான்.

கிளம்பும்முன் மறுபடி தாத்தாவிடம் போனேன். தொப்பி காற்றில் விழுந்து சேற்றில் கிடந்தது. உதறி வைத்தேன். மடியிலிருந்து நழுவித் தொங்கிய கையைத் தூக்கினேன். செய்தித்தாள் நீரை உறிஞ்சி, ஒரு மனிதரின் கை அளவுக்குக் கனத்தது. மெதுவாக மடியில் வைத்தேன்.