சுவருக்குள் போன முனை

உத்திரம் நடுவில் தொய்ந்திருந்தால் வீட்டுக்காரர்கள் பயந்துவிடுகிறார்கள். பழைய மர உத்திரங்களைச் சோதிக்கும் எங்களை அந்தத் தொய்வு அவ்வளவாகக் கலங்க வைப்பதில்லை. பல பத்தாண்டுகள் பாரம் சுமந்த மரம் மெல்ல வளையும். வளைந்தபடியே உறுதியாகவும் இருக்கும். நூல் பிடித்து அளந்து, ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளந்தால் கூடியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆபத்து சுவருக்குள் போன முனையில். தர்மபுரி, காவேரிப்பட்டணம் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில் கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தால், கைப்பிடிச் சுவரோர வெடிப்பில் இறங்கும் தண்ணீர் அந்த முனைக்குத்தான் போகும். மரத்தின் அறுத்த முகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பின்னாளில் முனையைச் சுற்றிச் சிமெண்ட் அடைத்திருந்தால் ஈரம் உள்ளேயே நின்று மரம் இற்றுப்போகும். (நல்லெண்ணத்தில் செய்த பழுது வேலைதான் பெரும்பாலும் கெடுத்திருக்கும்.)

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைச் சித்திரையில் குத்திப் பயனில்லை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்க வழியுண்டு. சுவர் உப்பு ஊறிய மரத்தில் கருவி கூட்டிக் காட்டும் என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், செல்லரித்தது பொத்தென்னும். கூர் ஊசியால் நெம்பினால் நல்ல மரம் நீளச் சிராயாகப் பிரியும். இற்றது துண்டு துண்டாக ஒடியும். சந்தேகம் தீராவிட்டால் 3 மில்லிமீட்டர் முனையுள்ள ஊசித் துளைப்பானை (துளைக்கும்போது மரம் தரும் எதிர்ப்பைக் கோடாக வரையும் கருவி) உத்திரத்தின் முனைப் பக்கமாகச் சாய்த்து இறக்கலாம். உள்ளே பொந்து இருந்தால் வரைகோடு சட்டென்று விழும்.

பூச்சி விழுந்த தூள் கொட்டுகிறதே என்று பதற வேண்டாம். வைரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) ஏறாத வெளிப்பகுதியை மட்டும் அரித்திருக்கலாம். ஆனால் அந்தப் பகுதியை வலிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 200 மில்லிமீட்டர் உயர உத்திரத்தில் மேலும் கீழும் 20 போனால் மிச்சம் 160. உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. வளைவைத் தாங்கும் வலிமையோ 36 சதவீதம் குறைந்துவிட்டது, விறைப்பு கிட்டத்தட்டப் பாதி. அகலமும் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம்.

முனை இற்று, மீதி வைரமாக இருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்வது வீண். முட்டுக் கொடுத்து, இற்றதை அறுத்துவிட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முறுக்கலாம்.

ஆனால் தளத்தின்மேல் ஒழுகலுக்காக 50 மில்லிமீட்டர் கான்கிரீட் போட்டிருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ கூடியிருக்கும். 1000 லிட்டர் தொட்டியும் இருந்தால் இன்னொரு டன். தொட்டியை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும்.