‘இது சந்திதானே?’: என் சினாப்சிஸை நிறுத்தி வைத்த ஒரு கேள்வி

ஒருவழியாக என் பிஎச்.டி. ஆய்வுச் சுருக்கத்துக்கு, அதாவது சினாப்சிஸுக்குக் கையெழுத்து கிடைத்துவிட்டது. மாற்றுருபை (ஒரே உருபு இடத்துக்கேற்ப எடுக்கும் வெவ்வேறு வடிவங்களை) ஆய்வுக்கு எடுத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பதிவு, கோர்ஸ் ஒர்க் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது கமிட்டி கூட்டத்தில்தான். ஓர் உருபு தன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கலாம் என்பதுதான் என் கேள்வி. ஒட்டி நிற்பதை மட்டுமே பார்க்க முடியும் என்பது மொழியியலாளர் எம்பிக் 2010இல் முன்வைத்த கட்டுப்பாடு. ‘மரத்தை’ அதற்கு அடங்கும்: ‘மரம்’ என்பதோடு ‘ஐ’ சேரும்போது நடுவே ‘அத்து’ என்ற சாரியை வருகிறது. ‘கள்’ குறுக்கே வந்ததும் ‘மரங்களை’, அத்துச் சாரியை காணாமல் போகிறது. ‘எங்களை’ அடங்காது. நடுவில் ‘கள்’ இருந்தும் வேற்றுமை வந்தால் அடிச்சொல் மாறி, ‘நாங்கள்’ ‘எங்கள்’ ஆகிவிடுகிறது.

வெளியிலிருந்து வந்த உறுப்பினர் முதல் ஸ்லைடிலேயே நிறுத்திவிட்டார். “இது சந்திதானேம்மா? நன்னூல்லயே இருக்கே, புதுசா என்ன?” பதில் சொல்லவே விடவில்லை. திருத்திக் கொண்டுவரச் சொல்லி மினிட்ஸில் எழுதிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து போனால், படிவம் மாறிவிட்டது என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறவில்லை.

கைகொடுத்ததும் நன்னூல்தான். ‘தான் தாம் நாம் முதல் குறுகும்’ நூற்பாவில் ‘குவ்வின் அவ்வரும்’ என்று ஒரு துண்டு உண்டு. எனக்கு, உனக்கு, தனக்கு என்பவற்றில் வரும் அகரம் அது. எங்களுக்கு, உங்களுக்கு என்னும்போது அது வருவதில்லை. ஆக, ‘எங்களுக்கு’ என்ற ஒரே சொல்லில் அடிச்சொல் மாற்றம் ‘கள்’ளைத் தாண்டுகிறது, அகரம் தாண்டவில்லை. இதைக் கண்ட இரவு தூக்கமே வரவில்லை.

சந்தி என்பவர்களிடம் ‘நாங்களே’, ‘எங்களை’ இரண்டையும் அருகருகே காட்டுங்கள். இரண்டிலும் அடுத்து வருவது உயிரெழுத்துதான்; வெறும் சந்தி என்றால் இரண்டும் ஒரேபோல் இருந்திருக்க வேண்டும். வேற்றுமை வந்தால் மட்டுமே ‘எங்கள்’. இந்த முறை அதைத்தான் முதல் ஸ்லைடாக வைத்தேன். அதே உறுப்பினர் தலையசைத்து, “மேல போங்க” என்றார். வேற்றுமைக்காக அடியே மாறுவது நான், நீ போன்ற பதிலிப்பெயர்களில் சகஜம், மற்றப் பெயர்களில் மிக அரிது என்று மொழியியலாளர் மோஸ்கல் 2015இல் காட்டியதையும் கையில் வைத்திருங்கள்.

மினிட்ஸ் நகலை அன்றே வாங்கிவிடுங்கள். ‘எங்கள்’ என்பதில் உள்ள ‘எம்’ ஏற்கெனவே பன்மைதானே, ‘கள்’ பின்னால் ஒட்டியதுதானே என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் கேட்பார்கள். அதற்குத் தனிப்பகுதியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.