பூட்டிய ஐ7-ஐ வேகப்படுத்தியது, பொதட்டூர்பேட்டை வெயிலில்

கடையில் அப்படியே வாங்கிய பிராண்டட் சிஸ்டம் என்றால், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஆசைக்கு முன் ப்ராசஸர் பெயரின் கடைசியைப் பாருங்கள். இன்டெலில் 'கே' இல்லையென்றால் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்ணான மல்டிப்ளையர் பூட்டியிருக்கும். 'கே' இருந்தும் மதர்போர்டில் ஓவர்கிளாக்கை அனுமதிக்கும் இசட் வகை சிப்செட் இல்லையென்றால் பயனில்லை. நாங்கள் பிரித்தது ஐ7-8700, பி360 போர்டு. இரண்டு கதவும் அடைப்பு. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பூட் ஆர்டரும் பாஸ்வேர்டும் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை.

ஆனால் கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டுவிட்டு வேகத்தையும் சூட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. ஆறு கோரும் சேர்ந்து ஓடினால் 4.3 கிகாஹெர்ட்ஸ் போகக்கூடிய சிப் இது. முதல் அரை நிமிடம் போனது. பிறகு 3.6 பக்கம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பிஎல்1 என்கிற நீண்டநேர மின்வரம்பு 65 வாட், அதற்கு மேல் இழுக்க 28 விநாடிதான் சலுகை. புது வேகம் கேட்பது அப்புறம், காசு கொடுத்து வாங்கிய வேகமே வரவில்லை.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவர். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லை தாண்டி நகரி எல்லாம் விசைத்தறி ஊர்கள். ஃபேனைக் கழற்றினால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் பஞ்சு, கம்பளித் துண்டு மாதிரி ஒரே படலமாக உரிந்து வருகிறது. மேலிருந்து புளோயர் அடித்தால் போகாது, தகடுகளுக்குள் இறுகிக்கொள்ளும். உரித்தெடுத்து, பிரஷ் போட்டு, கடைசியில்தான் காற்று. அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விட்டால் பேரிங் போகும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதுசு நடுவில் ஒரு பட்டாணி அளவு. ஸ்க்ரூவை மூலைக்கு மூலை குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கினால் பேஸ்ட் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும்.

அடுத்தது த்ராட்டில்ஸ்டாப், ப்ராசஸரின் வோல்ட்டேஜையும் மின்வரம்பையும் மாற்றும் மென்பொருள். அதன் எஃப்ஐவிஆர் பக்கத்தில் வோல்ட்டேஜைக் குறைக்கலாம், குறைந்தால் அதே வாட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். சிபியு கோர், சிபியு கேஷ் இரண்டுக்கும் ஒரே அளவு ஆஃப்செட் (எவ்வளவு குறைப்பது என்ற அளவு) தர வேண்டும். கோரை மட்டும் குறைத்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. 'லாக்டு' என்று காட்டினால், 2019 இறுதியில் வெளிவந்த பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் கோளாறுக்குப் பிறகான பயாஸ் அப்டேட் அதைப் பூட்டியிருக்கலாம். பூட்டாத இந்த மெஷினில் 10 மில்லிவோல்ட்டாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ப்ராசஸரை முழு வேலை வாங்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டினோம். மைனஸ் 100-இல் நீலத்திரை. மைனஸ் 90-இல் ஓடியது, ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ 19 எச்சரிக்கைகள், அதாவது ப்ராசஸர் தானே திருத்திக்கொண்ட பிழைகள். விழவில்லை என்பதால் அதை நல்ல அளவு என்று எடுக்கக்கூடாது. மைனஸ் 70-இல் நிறுத்தினோம்.

பிறகு த்ராட்டில்ஸ்டாப்பின் மின்வரம்புப் பக்கமான டிபிஎல்லில் பிஎல்1-ஐ 65-இலிருந்து 95 ஆக்கியதும் வேகம் 4.1, 4.2-இல் நிலைத்தது. 130 வைத்தால் 4.3 தொடும், ஆனால் இந்த போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதியான விஆர்எம் மேல் ஹீட்சிங்க் கிடையாது, பவர் சப்ளையும் சின்னது. கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக போர்டைப் பணயம் வைக்க மனமில்லை. த்ராட்டில்ஸ்டாப்பில் 'பிடி ப்ரோசாட்' டிக்கை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். போர்டு சூடாகும்போது ப்ராசஸரிடம் 'மெதுவாகப் போ' என்று சொல்வது அந்த சிக்னல்தான்.

வேகம் ஏன் குறைகிறது என்று காட்டும் 'லிமிட் ரீசன்ஸ்' பெட்டியைத் திறந்தே வையுங்கள். பிஎல்1 சிவந்தால் வாட் போதவில்லை, தெர்மல் சிவந்தால் கூலர் போதவில்லை. இந்தச் சிப்பின் எல்லை 100 டிகிரி, நாங்கள் 88-ஐத் தாண்ட விடவில்லை.

சிஸ்டத்தை அணைத்துப் போட்டால் வோல்ட்டேஜ் மாற்றம் போய்விடும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், லாகின் ஆனதும் த்ராட்டில்ஸ்டாப் திறக்கும்படி வைக்கலாம், ஆனால் இரண்டு நிமிடத் தாமதத்தோடு. அளவு தவறியிருந்தால் நிறுத்த அவகாசம் வேண்டுமே.

இவையெல்லாம் ஜனவரிக் கணக்கு. அறைச் சூடு பத்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அவ்வளவே ஏறும். அதனால் த்ராட்டில்ஸ்டாப்பின் நாலு ப்ரொஃபைலில் ஒன்று மே மாதத்துக்கு: பிஎல்1 80 வாட்.